வகுப்பில் சொன்ன உதாரணம்

ஷாஃப்ஹவுசன்,
14.09.2025

தில்லைநாயகி ரீச்சருக்கு,

நேற்றிலிருந்து நீங்கள் ஏழு தரம் போன் எடுத்திருக்கிறீர்கள். கோபிசனின் படம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் எடுத்திருப்பீர்கள். நீங்கள் தமிழ் படிப்பித்த பிள்ளை எடுத்த படம், முழங்கால் சத்திரசிகிச்சையால் உங்களுக்குப் பேர்ணுக்கு வரமுடியாமல் போய்விட்டது. ஆவல் இருக்கும். ஆனால் நான் போனை எடுக்கப்போவதில்லை. உங்கள் குரலைக் கேட்டால் பத்து நிமிடத்தில் பிழை என்னுடையது என்று ஆகிவிடும். உங்களுக்கு அப்படிக் கதைக்கத் தெரியும். அதனால் தபாலில் எழுதுகிறேன். பதில் எழுதுவதென்றால் நீங்களும் தபாலிலேயே எழுதுங்கள்.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் சரோஜினிதேவி அக்காவோடு போனேன். அவவின் மகன் சாரங்கன்தான் டிக்கெட் எடுத்துத் தந்தான். தியேட்டர் நிறையச் சனம். ‘உண்மையான ஆட்கடத்தல் ஒன்றைத் தழுவியது. வவுனியா, 2007’ என்று முதலில் எழுத்துப் போட்டார்கள். அதைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்தா. பிடித்த கையைப் படம் முடியும்வரை விடவில்லை.

மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒருத்தியை வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கண்ணைக் கட்டி ஒரு வீட்டில் நாலு நாள் வைத்திருக்கிறார்கள். ‘வெளிநாட்டில் ஆள் இருக்கிற ஒருத்தன்ரை பெயரைச் சொல்லு, உன்னை விடுகிறோம்’ என்கிறார்கள். பக்கத்து அறையில் ஒரு சின்னப் பிள்ளை வாய்பாடு பாடமாக்குகிறது. ‘ஏழெட்டு ஐம்பத்திநாலு’ என்று பிழையாகச் சொல்கிறது. யாரும் திருத்தவில்லை. அப்போது அவள் ஒரு பெயர் சொல்கிறாள். மணிக்கூடு திருத்துகிற ஒருவரின் பெயர். அடுத்த நாள் அவரைத் தூக்குகிறார்கள். அவள் வீட்டுக்குப் போகிறாள். அவர் போகவில்லை.

ரீச்சர், அந்த வீட்டில் ஒரு பிள்ளை வாய்பாடு சொன்னது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். வேறு ஆர்?

2008 கார்த்திகையில், நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், லாங்கன்தாலில் உங்கள் குசினி மேசையில் வைத்து என் அகதிக் கேசை எழுதித் தந்தீர்கள். நான் ஒரே ஒரு தரம், ஒரே ஒரு ஆளிடம் சொன்ன கதை அது. பெயர் சொன்ன இடம் வந்ததும் பேனையை வைத்துவிட்டு, “இதை எழுதவேண்டாம் பிள்ளை. இது கேசுக்குத் தேவையில்லை. இது உன்னோடையும் என்னோடையும் இருக்கட்டும்” என்று சொன்னீர்கள். நான் நம்பினேன். பதினேழு வருடம் நம்பினேன்.

படத்தில் அவள் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அவளும் அவர்களோடு சேர்ந்த ஆளாம். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டுத்தான் சொன்னேன். வீட்டில் பிள்ளை குட்டி வைத்திருக்கிறவர்கள் கொல்லமாட்டார்கள், லண்டனில் இருக்கிற தமையனிடம் ஏதாவது வாங்கிக்கொண்டு இராஜசிங்கம் அண்ணையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இதையும் உங்களிடம் சொன்னேன். இதை நீங்கள் அவனிடம் சொல்லவில்லையா, இல்லை அவன்தான் வெட்டிவிட்டானா?

படம் முடிந்து வெளியே வந்தபோது சரோ அக்கா சொன்னதை எழுதுகிறேன். “தாரணி, நான் இவ்வளவு காலமும் என்ரை மனிசனைத் தூக்கின ஆம்பிளையளைத்தான் திட்டிக்கொண்டிருந்தனான். காட்டிக் குடுக்க ஒருத்தி இருந்திருக்கிறாள் பாத்தியோ.” என் கை அப்போதும் அவவின் கையில்தான் இருந்தது.

பவதாரணி

*

லாங்கன்தால்,
19.09.2025

அன்புள்ள பவா,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசித்தேன். நீ கோபமாக இருக்கிறாய். உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. ஆனால் பிள்ளை, கோபத்தில் முடிவு கட்டிவிடாதே.

நான் கோபிசனிடம் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் என்னிடம் கடைசியாக வந்தது நாலு வருடத்துக்கு முன், கல்யாணக் கடிதம் தர. அன்றைக்கு அவன் பாயாசம் குடித்தான், பெண்ணின் படத்தைக் காட்டினான், போய்விட்டான். வவுனியாவின் பெயரே வரவில்லை.

அந்தக் காலத்தில் வவுனியாவில் எத்தனை பேரைத் தூக்கினார்கள் என்று உனக்குத் தெரியும். எத்தனை பேரிடம் பெயர் கேட்டிருப்பார்கள். அந்த வீட்டில் உனக்கு முன்னும் பின்னும் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் அந்தப் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டிருக்கலாம் அல்லவா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஊரில் நான் படிப்பித்தபோது, ஒரு தவணைப் பரீட்சையில் இரண்டு பிள்ளைகள் ஒரே கேள்விக்கு ஒரே பிழையான விடையை எழுதியிருந்தார்கள். ஒரு எழுத்துக் கூட வித்தியாசமில்லை. பார்த்து எழுதினார்கள் என்று நினைத்து இரண்டு பேரையும் வாங்கில் ஏற்றி நிறுத்தினேன். இரண்டு பேரும் அழுதார்கள், ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு பார்த்தால், ஒருத்தி முன் வாங்கில் இருந்தவள், மற்றவன் பின் வாங்கில். பார்த்து எழுத வழியே இல்லை. இரண்டு பேருக்கும் அதைப் பிழையாகச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஆள். அந்த ஆள் நான். அதனால்தான் சொல்கிறேன், ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது.

நான் கோபிசனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். ஊன்றுகோல் இல்லாமல் இப்போது வீட்டுக்குள் நடக்கிறேன், அவனை இங்கே வரச்சொல்கிறேன். அதுவரைக்கும் பொறு. சாப்பாட்டை விட்டுவிடாதே. நீ கவலை வந்தால் சாப்பிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
தில்லைநாயகி

*

ஷாஃப்ஹவுசன்,
23.09.2025

ரீச்சருக்கு,

உங்கள் உதாரணத்தை வாசித்தேன். இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்த ஆள் நான் என்று நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டுத் திருப்பி வாசித்துப் பார்த்தீர்களா?

இனி எனக்கு உதாரணம் எழுதாதீர்கள். நடந்ததை எழுதுங்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். சரோ அக்காவுக்கு அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிட்டதாம். இராஜசிங்கம் அண்ணையின் மணிக்கூட்டுக் கடைக்கு ஒரு பக்கம் நான் வேலை செய்த ரெலிபோன் கடை. மற்றப் பக்கம் மருந்துக்கடை. அதில் நின்றது சிவரூபினி. இப்போது கல்யாணம் முடித்து லூசேர்னில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள். படத்தில் மருந்துக்கடைப் பெண் என்று காட்டியதால் அக்கா அவளின் நம்பரை எங்கேயோ தேடி எடுத்து, நேற்று கோல் பண்ணிக் கேட்டிருக்கிறா. என்னையும் தூக்கிப் பிறகு விட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற என்னில் அவவுக்குச் சந்தேகம் வரவில்லை.

எனக்கு அக்காவே சொன்னா. “நல்லாக் கேட்டனான். ‘எடி, என்ரை மனிசன் உன்ரை மணிக்கூட்டைச் சும்மா திருத்தித் தந்தவர், அதுக்கோ இந்தக் கைமாறு’ எண்டு கேட்டனான். அழுகிறாள். அழட்டும். களவு செய்தவள் அழத்தானே வேணும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அவசரப்படாதேங்கோ அக்கா” என்று மட்டும் சொன்னேன். சிவரூபினி அந்த நாலு நாளும் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவள். அவளை யாரும் தூக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவசரப்படாதேங்கோ என்று சொல்கிறேன்.

ஒரு தரம் வாய் திறந்து ஒரு மனிதரைக் கொடுத்தேன். இப்போது வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தியைக் கொடுக்கிறேன்.

கோபிசன் வந்தானா?

பவதாரணி

*

லாங்கன்தால்,
02.10.2025

பவா,

கோபிசன் நேற்று வந்தான். நடந்ததை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

படம் ஷாஃப்ஹவுசனிலும் ஓடப்போகிறது என்ற சந்தோசத்தில் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். நான் அதை வெட்டவில்லை. “தம்பி, இந்தக் கதையை உனக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். “ரீச்சர், என்ன பகிடியோ? நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“நான் எப்ப சொன்னனான்?”

“ஆறாம் வகுப்பிலை. கட்டுரைப் பாடம். மறந்துபோனீங்களோ? படத்திலை கடைசியிலை உங்களுக்கு நன்றி எண்டு பெயர் போட்டிருக்கிறன், ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

பையிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தான். எனக்குக் காட்டவென்றே கொண்டுவந்திருக்கிறான். அவனுடைய கோணல் எழுத்தில் எல்லாம் இருந்தது. கண் கட்டு, பக்கத்து அறை, ஏழெட்டு ஐம்பத்திநாலு, மணிக்கூடு திருத்துகிறவர். அடியில் சிவப்பு மையில் என் எழுத்து. ‘மிக நன்று. பயம் என்ற சொல்லே இல்லாமல் பயத்தை எழுதியிருக்கிறாய்.’

2009 பங்குனி. அந்த நேரம் எல்லா வீடுகளிலும் பெரியவர்கள் ஊர் யுத்தச் செய்திக்காகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள், பிள்ளைகளை யாரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வந்து தூங்குவார்கள். பயத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். எல்லோரும் ‘பயமாக இருந்தது, மிகவும் பயமாக இருந்தது’ என்று எழுதினார்கள். பயம் என்று சொல்லாதே, என்ன கேட்டது என்று சொல் என்றேன். விளங்கவில்லை. அப்போது ஒரு உதாரணம் தேவைப்பட்டது. எனக்கு மிகக் கிட்ட இருந்த உதாரணம் நீ. ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்’ என்று தொடங்கினேன். ரெலிபோன் கடை என்று சொல்லவில்லை, பக்கத்துக் கடை என்றேன்; அதை மருந்துக்கடை ஆக்கியது கோபிசன். உன்னை மறைத்துவிட்டதாக நினைத்தேன். மணிக்கூட்டை மறைக்கவில்லை. அதையும் மறைத்தால் கதையில் பிடிக்க ஒன்றும் இருக்காது என்று பட்டது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தப் பிள்ளைகள் பத்துப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பொய். கோபிசன் போகும்போது வாசலில் நின்று சொன்னான்: “எல்லா வகுப்புக்கும் சொல்லுவீங்கள்தானே ரீச்சர். என்ரை தங்கச்சிக்கும் தெரியும். அவளுக்கு அஞ்சு வரியம் பிந்திச் சொல்லியிருக்கிறீங்கள்.”

உண்மை. நான் பாடசாலையை விட்டு ஓய்வெடுக்கும்வரை ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது உன்னுடைய கதை என்பதே எனக்கு மறந்துபோனது. அது ஒரு நல்ல பாடமாகிவிட்டது. முதல் பதிலை உனக்கு எழுதும்போது எங்கேயோ ஒரு முள் குத்தியது. குத்தியது தெரிந்தும், எனக்குப் பழக்கமான வழியில் ஒரு உதாரணத்தைச் சொல்லி மூடினேன்.

“அவள் ஏன் தம்பி சிரிக்கிறாள்? நான் அப்பிடிச் சொல்லேல்லையே” என்று கேட்டேன். “ரீச்சர், உள்ளதை உள்ளபடி எடுத்தால் ஆர் வந்து பாக்கிறது? ஒரு வில்லி வேணும்தானே. அது பாத்திரம், உண்மையான ஆள் இல்லையே” என்றான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையான ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று அவனுக்கு நான் உணர்த்தவேயில்லை. உதாரணத்துக்கு இரத்தம் ஓடும் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்?

இனி அவசரமான விசயம். சரோஜினிதேவி கோபிசனுக்குக் கோல் எடுத்துக் கேட்டிருக்கிறா. ‘எங்கட தில்லைநாயகி ரீச்சர் சொன்ன கதை’ என்று அவன் சொல்லிவிட்டான். வருகிற பதினோராம் திகதி, சனிக்கிழமை, அவ என்னிடம் வருகிறா.

நான் என்ன சொல்லட்டும் பவா? பழைய பத்திரிகை ஒன்றில் வாசித்தேன் என்று சொல்கிறேன். எந்தப் பத்திரிகை என்று ஞாபகம் இல்லை என்று சொல்கிறேன். எழுபத்தொரு வயதில் மறந்துபோனது என்றால் நம்புவா. உனக்காக அந்தப் பொய்யைச் சொல்ல நான் ஆயத்தம். நீ ஓம் என்று ஒரு வரி எழுது.

மன்னிப்புக் கேட்கவில்லை என்று நினைக்காதே. கேட்க வெட்கமாக இருக்கிறது.

தில்லைநாயகி

*

ஷாஃப்ஹவுசன்,
06.10.2025

ரீச்சருக்கு,

பத்து வருடம். வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வைத்தாலும் நூறு பேர். கோயிலில் பொங்கலுக்கு என்னிடம் தட்டு வாங்கிய பிள்ளைகள், பேருந்தில் ‘வணக்கம் அன்ரி’ என்று சொல்லும் பிள்ளைகள், எல்லோரும் என்னைக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதற்குப் புள்ளியும் போட்டிருக்கிறீர்கள்.

கேசுக்கு வேண்டாம் என்று வெட்டிய பக்கம், வகுப்புக்கு மட்டும் எப்படி ரீச்சர் வேண்டியிருந்தது?

நீங்கள் யாரிடமாவது கோபத்தில் சொல்லியிருந்தால், வம்புக்குச் சொல்லியிருந்தால், எனக்கு இவ்வளவு வலிக்காது என்று நினைக்கிறேன். நல்லதுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் உங்களுக்கு ஒரு சந்தோசமும் இருந்திருக்கிறது. பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள் என்று எழுதும்போது, மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலேயே, அந்தச் சந்தோசம் தெரிகிறது.

பொய் சொல்லவேண்டாம். எனக்காக ஒன்றும் சொல்லவேண்டாம். நீங்கள் பத்திரிகை என்று சொன்னால் சரோ அக்கா நம்புவா, பிறகு சிவரூபினியைக் காலம் முழுக்கத் தின்பா. சிவரூபினியின் மனிசன் போன கிழமை எனக்குக் கோல் எடுத்தார். “தாரணி அக்கா, நீங்களும் அங்கைதானே வேலை செய்தனீங்கள், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா அவ நம்புவா” என்று கெஞ்சுகிறார். கோயிலுக்குப் போக அவள் பயப்படுகிறாளாம். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, ‘அம்மா, இது நீங்களோ’ என்று கேட்கிறார்களாம்.

என் பெயரையும் சொல்லவேண்டாம். அது நான் சொல்லவேண்டியது. வருகிற பத்தொன்பதாம் திகதி, ஞாயிறு, எனக்கு லீவு. பேர்ணுக்குப் போய் அக்காவிடம் நானே சொல்கிறேன். அக்கா உங்களிடம் வருகிற நாளிலிருந்து அதுவரை எட்டு நாள். அந்த எட்டு நாளும் உங்கள் வாயைப் பொத்திக்கொண்டிருக்க உங்களால் முடியுமா?

இன்னொன்று. உங்கள் குசினியில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. பாதிதான் சொன்னேன். இராஜசிங்கம் அண்ணையைக் கொண்டுவந்தபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அடுத்த நாள் காலையில்தான் என்னை விட்டார்கள். அவரின் குரலைக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் என்றும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் பேனையை வைத்தீர்கள், நானும் நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது எவ்வளவு நல்லது என்று இப்போதுதான் விளங்குகிறது.

சரோ அக்கா பதினெட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். அவ இந்த நாட்டுக்கு வந்த இந்தப் பதினாலு வருடமும், அவரைத் தூக்கிய நாளில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டுவிட்டு, “நீ திரும்பி வந்தனீ, அவர் எங்கையாவது இருப்பாரோ” என்று கேட்பா. நான் குழம்பை ஊற்றிக்கொண்டு, “தெரியாது அக்கா” என்பேன்.

பவதாரணி

*

லாங்கன்தால்,
12.10.2025

பவா,

சரோஜினிதேவி நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தா. தனியாகத்தான் வந்தா. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தேத்தண்ணி போட்டேன். அவ கப்பைத் தொடவில்லை. “ரீச்சர், கோபிசன் உங்களைத்தான் சொல்லுறான். உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டா.

“அதை நான் சொல்ல ஏலாது சரோ. அது என்னிட்டை நம்பித் தந்தது. நான் ஒருக்கா வெளியிலை விட்டிட்டன். இரண்டாம் தரம் விடமாட்டன். ஆனா ஒண்டு மட்டும் சத்தியமாச் சொல்லுறன், அது சிவரூபினி இல்லை.”

“அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

அவ கொஞ்ச நேரம் சுவரில் இருக்கிற பாடசாலைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒவ்வொரு வருடமும் எடுத்த வகுப்புப் படங்கள். பிறகு மெதுவாகக் கேட்டா: “நீங்கள் அகதிக் கேஸ் எழுதிக் குடுக்கிறனீங்கள்தானே ரீச்சர்?”

“ஓம். கன பேருக்கு எழுதினனான்.”

“வவுனியாவிலை இருந்து வந்த பொம்பிளையள் எத்தினை பேருக்கு எழுதினனீங்கள்?”

நான் பதில் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. தலையைக் கூட ஆட்டவில்லை. ஆனால் பவா, நான் நாற்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே விடை தெரிந்துகொண்டவள். என் முகத்தை அவ எப்படிப் பார்த்தா என்று எனக்குத் தெரிகிறது.

“கதைக்கிறதுக்கு உங்களுக்கு ஒரு காலமும் பஞ்சமில்லை எண்டு எல்லாரும் சொல்லுவினம். இண்டைக்கு மட்டும் வாய் அடைச்சுப்போச்சோ” என்று சொல்லிவிட்டு எழும்பினா. சப்பாத்துக் கயிற்றை இரண்டு தரம் பிழையாகக் கட்டினா. நான் குனிந்து கட்டிவிடப் போனேன். “வேண்டாம்” என்றா.

எங்கே போனா என்று தெரியாது. உன்னை எச்சரிக்கப் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. எட்டு நாள் பொத்திக்கொண்டிருக்கச் சொன்னாய். ஒரு மணி நேரம் கூட என்னால் முடியவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி என்று நான் பழகவேயில்லை.

மன்னித்துக்கொள் என்று இப்போது எழுதுகிறேன். பதில் வராவிட்டாலும் எனக்கு விளங்கும்.

தில்லைநாயகி

*

ஷாஃப்ஹவுசன்,
09.11.2025

தில்லைநாயகி ரீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைக்க முதலே சரோ அக்கா வந்துவிட்டா. அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை முடிந்து வந்தபோது, எங்கள் கட்டடத்துப் படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. லாங்கன்தாலிலிருந்து பேர்ணுக்குத் திரும்பிப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறா. “சாவி எடு” என்றா.

உள்ளே வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தா. நான் நின்றுகொண்டே சொன்னேன். வானில் ஏற்றியதிலிருந்து தொடங்கினேன். பெயர் சொன்ன இடத்தில் நீங்கள் பேனையை வைத்தது போல அவ ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தா. பிள்ளையின் குரலைக் கேட்டு நம்பினேன் என்று சொன்னபோது மட்டும், “அதை விடு, அதை நீ உனக்குச் சொல்லிக்கொள்” என்றா.

பிறகு மற்றப் பாதியைச் சொன்னேன். அவர் சொன்னது. அதற்குப் பிறகு நான் கேட்ட சத்தம். அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் இருந்தது.

“திருப்பிச் சொல்லு” என்றா. சொன்னேன். “அவர் சொன்னதை மட்டும் சொல்லு. அவர் சொன்ன மாதிரியே சொல்லு” என்றா. மூன்றாம் தரமும் சொன்னேன். “குரல் எப்பிடி இருந்தது?” என்றா. “கடையிலை நிண்டு கதைக்கிற மாதிரித்தான் அக்கா இருந்தது” என்றேன். அவ அழவில்லை. நான்தான் அழுதேன். “நீ அழாதை. உனக்கு அந்த உரிமை இல்லை” என்றா.

ஸ்டேசன்வரை பின்னால் நடந்து போனேன். பிளாற்போமில் திரும்பிப் பார்த்துச் சொன்னா: “பதினெட்டு வரியம் என்னைப் பொட்டோடை இருக்க விட்டிட்டாய். பதினாலு வரியம் என்ரை கையாலை சாப்பிட்டாய். காட்டிக் குடுத்ததை மன்னிச்சாலும் மன்னிப்பன். எனக்குப் பக்கத்திலை இருந்து ‘தெரியாது அக்கா’ எண்டு சொன்னியே, அதைத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.” ரயில் வந்தது. ஏறும்போது, “சிவரூபினியிட்டை நான் மன்னிப்புக் கேக்கப் போறன். அப்ப உன்ரை பெயரைச் சொல்லுவன்” என்றா. “சொல்லுங்கோ அக்கா” என்றேன்.

சொல்லியிருக்கிறா. சிவரூபினியின் மனிசன் இப்போது என் கோலை எடுப்பதில்லை. கோயிலிலிருந்தும் யாரும் எனக்கு எடுப்பதில்லை. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

போன கிழமை சாரங்கன் கோல் எடுத்தான். ஆளைக் காணவில்லை என்பதால் இவ்வளவு காலமும் அவர்கள் கிரியை செய்யவில்லை. இப்போது ஐயரிடம் நாள் கேட்டு, வருகிற ஞாயிறு பேர்ணில் செய்கிறார்களாம். “அம்மா சொல்லச் சொன்னவ. நீங்கள் வரவேண்டாமாம்” என்றான். பிறகு, “அன்ரி, அப்பா சொன்னதை அம்மா எனக்குச் சொன்னவ. அதுக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு வைத்தான். இந்த விசயத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது என்னுடையது.

இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று எனக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஊரும் மொழியும் தெரியாமல் இந்த நாட்டில் நான் வந்து இறங்கியபோது, எனக்குச் சோறு போட்டு, என் கதையைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் முழங்காலுக்கு வருத்தம் கூடினால் சொல்லியனுப்புங்கள், வந்து சமைத்துத் தருவேன். கதைக்கமாட்டேன், சமைத்துத் தருவேன்.

இராஜசிங்கம் அண்ணை அன்றைக்கு அந்த அறையில் என்ன சொன்னார் என்று உங்களுக்குக் கேட்கவேண்டும் போல இருக்கும். இதை வாசிக்கும்போதே அது என்னவாக இருக்கும் என்று யோசித்திருப்பீர்கள். இரண்டு வரிதான். கடுதாசியில் அதற்கு இடமும் இருக்கிறது. நான் எழுதப்போவதில்லை.

பவதாரணி